சுண்ணாம்பு தடவிய கலயம்

குடியை விட்டவருக்கு முதலில் திரும்பக் கிடைக்கும் சொத்து, விடியற்காலை. அதுவரை தலைவலியும் கைநடுக்கமுமாகக் கழிந்த பொழுது அது. இப்போது இருட்டோடு கரிச்சான் கூவுவது காதில் விழுகிறது. புல்லின் பனி ஈரம் காலில் படுகிறது.

1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியால் நொந்துபோன ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும் ஒருவருக்கொருவர் கைகொடுத்துத் தொடங்கியதுதான் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’. குடியிலிருந்து மீள அந்த அமைப்பு வகுத்த 12 படிகளில் கடவுள் உண்டு. ஆனால் அவர் யார், எப்படிப்பட்டவர் என்பதை அவரவர் புரிதலுக்கே விட்டுவிட்டார்கள். கோயில் வாசலில் கூசி நிற்பவருக்கு ஒரு மரத்தடியே சந்நிதி ஆகலாம்.

பனையைப் பாருங்கள். பாளையைச் சீவினால் சொட்டுவது ஒரே சாறுதான். வெறுங்கலயத்தில் விழுந்தால் புளித்துக் கள்ளாகிறது. உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தில் விழுந்தால் பதநீராகவே நிற்கிறது. மரமும் அதேதான், சாறும் அதேதான்; மாறியது கலயத்தின் உட்பூச்சு மட்டும். நேற்றுத் தடவிய சுண்ணாம்பு இன்றைக்கு உதவாது. பனையேறி தினமும் புதிதாகத்தான் தடவுகிறார்.

மீள்வதும் அப்படித்தான். ‘இன்று ஒரு நாள்’ என்பதே அதன் கணக்கு. நாக்கு பழைய ருசியைத் தேடும் அந்தி வேளையில், பத்து நிமிடம் ஒரு மரத்தடியில் சும்மா நில்லுங்கள். மருந்துக்கும் மருத்துவருக்கும் அது மாற்று அல்ல. உங்கள் கலயத்துக்கு இன்றைய சுண்ணாம்பு.