வாளெடாத கையும் வாள் வென்ற நிலமும்

தீமை செய்யாதிருப்பதோடு மனிதனின் கடமை முடிந்துவிடுகிறதா? பிறர் செய்த தீமையின் பலனைத் தூய கைகளோடு பெற்றுக்கொள்பவனுக்குப் பொறுப்பேதும் இல்லையா? அமெரிக்காவில் மேற்கு நோக்கிச் சென்ற சகோதரர் சபைக் குடும்பங்களின் வரலாற்றைப் படிப்போர்க்கு இவ்வினா எழாமல் இராது.

நம் நாட்டில் பிரதரன் சபையார் எனப்படுவோர் வேறு, இவர்கள் வேறு. ஜெர்மனியின் சுவார்சனாவு சிற்றூரில், 1708-இல், அலெக்சாண்டர் மாக் உள்ளிட்ட எண்மர் எடர் ஆற்றில் பெற்ற திருமுழுக்கில் பிறந்த சபை இது. ஆணையிடார், படைக்கலம் ஏந்தார். துன்புறுத்தலுக்கு அஞ்சி ஊர்விட்டு ஊர் அலைந்தவர்கள், 1719-இலும் 1729-இலும் கடல் கடந்து பென்சில்வேனியாவை அடைந்தனர். பிள்ளைகள் பெருகினர், நிலத்தின் விலையும் ஏறிற்று. எனவே பெரும் வண்டிப்பாதை வழியே செனண்டோவா பள்ளத்தாக்கிலும், பின்னர் கம்பர்லாந்துக் கணவாய் கடந்து கென்டக்கியிலும் குடியேறினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒகையோவின் மயாமி பள்ளத்தாக்கு அவர்களை ஈர்த்தது. அடிமைகளை வாங்குதலும் வைத்திருத்தலும் ஆகாது என்று 1782-ஆம் ஆண்டுக் கூட்டத்திலேயே முடிவு செய்த நேர்மையாளர்கள் அவர்கள் என்பதையும் மறத்தலாகாது.

ஆனால் அப்பள்ளத்தாக்கு எவ்வாறு திறந்தது? 1794 ஆகஸ்டில் தளபதி அந்தோணி வேயினின் படை, மயாமி, ஷானி முதலிய பழங்குடியினரின் கூட்டணியை முறியடித்தது. மறு ஆண்டு கிரீன்வில் உடன்படிக்கையில் அவர்கள் இன்றைய ஒகையோவின் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்தனர். அதன் பின்னரே உழவரின் வண்டிகள் வந்தன. வண்டிப்பாதையின் பெரும்பகுதியுங்கூடப் பழங்குடியினர் நடந்து பதித்த தடமே! 1846-இல் மயாமி மக்களுள் பலர் இந்தியானாவினின்று கான்சாசுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். சில ஆண்டுகளில் சகோதரர் சபைக் குடும்பங்களும் கான்சாசு வந்தன. மயாமி மக்களோ மீண்டும் பெயர்க்கப்பட்டு ஒக்லகோமாவுக்குச் சென்றனர்.

தீமைக்குத் துணைபோதலைக் குறித்து நம் அறநெறி இறையியல் விரிவாகப் பேசும். இங்கோ எவரும் துணைபோகவில்லை. செயல் முடிந்தபின் வந்து பலனைப் பெற்றனர். விவிலியத்தில் ஆகாபு நாபோத்தின்மேல் கல்லெறியவில்லை; மடல் எழுதியவள் ஈசபேல். அரசன் செய்ததெல்லாம் திராட்சைத் தோட்டத்தை உடைமையாக்க எழுந்து சென்றதே. எலியா அவனைச் சந்தித்ததும் அத்தோட்டத்தில்தான். கொலைப்பழியும் அவன்மேலேயே விழுந்தது. எனினும் மடலில் பதிந்த முத்திரை ஆகாபுடையது. ஏழை உழவனிடம் முத்திரை ஏது? ஒப்புமையை அளவோடு கொள்வதே நீதி.

புனித தோமா அக்குவினார் இங்கு நமக்கு உதவுகிறார். பிறர் பொருளைத் திருப்பித் தரும் கடமை, அதைப் பெற்ற விதத்திலிருந்து மட்டுமன்று, அது நம்மிடம் இருப்பதிலிருந்தே எழுகிறது என்கிறார் அவர். குற்றம் இல்லாதவனுக்கும் கடன் உண்டு. வாளை மறுத்த அம்மக்களைக் கொலைகாரர் என்பது பெரும்பிழை. அவர்கள் எவருக்கும் கடன்படவில்லை என்பதும் பிழையே என்பது என் துணிபு.

இதைச் சொல்ல நமக்குத் தகுதி உண்டா என்று கேட்போரும் உளர். கேட்கட்டும். 1455-இல் திருத்தந்தை ஐந்தாம் நிக்கோலாஸ் விடுத்த ஆணைமடல், கண்டுபிடித்தவனுக்கே நிலம் என்னும் கோட்பாட்டுக்கு இடமளித்தது. 1539-இல் சலமாங்காவில் பிரான்சிஸ்கோ தெ வித்தோரியா, அம்மண்ணின் மக்களே அதன் உண்மை உடைமையாளர் என்று வாதிட்டார். ஆயினும் 1823-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் அக்கோட்பாட்டையே சட்டமாக்கியது. அது திருச்சபையின் போதனை அன்று என்று வத்திக்கான் அறிவிக்க 2023 ஆகிவிட்டது.

உரியவர் இறந்துபோயின் கடன் அவர்தம் மரபினர்க்குச் சேரும் என்பதும் அக்குவினார் கூற்றே. மயாமி மக்களின் வழித்தோன்றல்கள் ஒக்லகோமாவிலும் இந்தியானாவிலும் இன்றும் வாழ்கின்றனர்.