இறைநம்பிக்கையும் அன்றாட ஒழுகலாறும்: மாயூரம் வேதநாயகம் பிள்ளையை முன்வைத்து

முன்னுரை

சமயம் கொள்கையாகவும் வழிபாடாகவும் ஒழுக்கமாகவும் விளங்குவது. இவற்றுள் முன்னிரண்டும் சமயந்தோறும் வேறுபடும். ஒழுக்கமோ பெரும்பாலும் எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவாய் நிற்கும். அங்ஙனமாயின், பொது அறத்தைக் கடைப்பிடிக்கும் ஒருவரது அன்றாட வாழ்வில் அவர்தம் சமயம் எவ்விடத்தில் வெளிப்படுகிறது என்னும் வினா எழுகிறது. கத்தோலிக்கக் கிறித்தவராகவும் மாவட்ட முன்சீப்பாகவும் தமிழ்ப் படைப்பாளராகவும் விளங்கிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் (1826–1889) வாழ்வையும் நூல்களையும் கொண்டு இவ்வினாவை ஆராய்வதாக இக்கட்டுரை அமைகிறது.

விவிலியம் காட்டும் ஒழுகலாறு

மலைப்பொழிவு இவ்வகையில் இருவேறு கட்டளைகளைத் தருகிறது. பிறர் கண்டு இறைவனைப் போற்றும் வண்ணம் நற்செயல்கள் ஒளிர வேண்டும் என்பது ஒன்று (மத்தேயு 5:16). பிறர் காணவேண்டும் என்பதற்காக அறம் செய்யலாகாது என்பது மற்றொன்று (மத்தேயு 6:1). மேலோட்டமாக நோக்குவார்க்கு இவை முரணாகத் தோன்றும். செயல் பிறர்க்குப் புலப்படுவது இயல்பு. புலப்படுத்துவதே செயலின் நோக்கமாவது பிழை என்று கொள்ளின் முரண் நீங்கும்.

செயலற்ற நம்பிக்கை உயிரற்றது எனக் கூறும் யாக்கோபின் திருமுகம், அதே இரண்டாம் இயலில் இரு நிகழ்ச்சிகளைச் சான்றாகக் காட்டுகிறது. பொன்மோதிரம் அணிந்து வரும் செல்வனுக்கு நல்லிருக்கை அளித்து ஏழையை நிற்கவைக்கும் ஓரவஞ்சனை ஒன்று. உணவும் உடையும் இல்லாதவர்க்கு எதுவும் கொடாமல் வாழ்த்து மட்டும் கூறி அனுப்புதல் மற்றொன்று. நம்பிக்கையை அளக்கும் கோலாக நடுவுநிலைமையும் ஈகையும் இங்கு ஒருங்கே வைக்கப்படுகின்றன. பின்னதைப் பேசுவார் பலர். முன்னதைச் சமயக் கடமையாகக் கருதுவார் சிலரே. வேதநாயகரின் வாழ்வில் இரண்டும் இடம்பெறுகின்றன.

நடுவுநிலைமை

தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் வேதநாயகர் முன்சீப்பாகப் பணியாற்றினார். அவர்முன் வழக்காட வந்தவருட் பெரும்பாலோர் பிற சமயத்தார். ஆட்சி ஆங்கிலேயருடையது; ஆள்வோரும் நடுவரும் கிறித்தவர். சபைப் பிரிவு வேறாயினும், வழக்காளியின் பார்வைக்கு இருவரும் ஒரு சமயத்தாரே. இத்தகைய சூழலில் நடுவர் தம் சமயத்தை அறிவித்துக்கொள்ளுதல் எளியவன் உள்ளத்தில் அச்சத்தையோ, தந்திரமுடையோன் உள்ளத்தில் ஆசையையோ விளைத்தல் கூடும். ஆதலின், ஆங்குச் சமயத்தின் பெயரை அடக்கி முறைமையை நிறுத்துதலே சமய ஒழுக்கமாகிறது.

அவர் 1859இல் வெளியிட்ட நீதி நூல், தெய்வம் உண்டு என நிறுவித் தொடங்கி, கைக்கூலி முதலிய அன்றாடக் குற்றங்களைத் தனி அதிகாரங்களிற் கடிகிறது. இறையுண்மையும் கையூட்டு மறுப்பும் ஒரே நூலின் உறுப்புகளாக அமைந்தமை கருதத்தக்கது. காணாத இறைவன் முன் நிற்பதாக எண்ணுபவன், காண்பார் இல்லாத இடத்திலும் கைநீட்டான் என்பது அவ்வமைப்பால் பெறப்படும்.

நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கிச் சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரில் அவர் வெளியிட்டதும் இதனோடு இயைவதே. தனக்குப் புரியாத மொழியில் தன் வழக்கு நடைபெறுவதைக் கேட்டு நிற்பவன், யாக்கோபு காட்டும் ஏழையைப்போல் அவையில் நிற்கவைக்கப்பட்டவனே. அவனுக்குச் சட்டத்தை அவன் மொழியில் தருவது இருக்கை அளிப்பதற்கு ஒப்பாகும்.

ஈகை

இரக்கம் நடுவுநிலைமையைக் கெடுத்தலும் உண்டு. வழக்கில் ஏழைக்காகவும் ஓரம் சாய்தல் ஆகாது என்று விடுதலைப் பயண நூல் (23:3) விலக்குகிறது. தீர்ப்பால் கொடுப்பவர் பிறர் பொருளைக் கொடுக்கிறார். தம் கையால் கொடுப்பவரே தம் பொருளைக் கொடுக்கிறார். 1876–78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சத்தில் வேதநாயகர் தம் சொந்தப் பொருளைக் கொண்டு பசித்தோர்க்கு உதவினார். நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அவ்வீகையைப் போற்றிக் கீர்த்தனை பாடினார். சிவநெறிப் புலவர் ஒருவர் கிறித்தவர் ஒருவரைப் பாடியதில் சமய மாற்றமோ சமய வாதமோ இல்லை. நற்செயல் ஒளிரும் என்ற கட்டளை, ஒளிரச்செய்ய முயலாதவிடத்து நிறைவேறியதற்கு இஃது ஒரு சான்று.

ஐயமும் தெளிவும்

இவையெல்லாம் தமிழ் நீதி இலக்கிய மரபிலும் வள்ளன்மை மரபிலும் அடங்குவன. இவற்றைக் கிறித்தவம் எனச் சுட்டுவது எதற்கு என வினவலாம். சர்வ சமய சமரசக் கீர்த்தனையின் ஆசிரியர் தம் சமய அடையாளத்தைக் கைவிட்டார் என்றும் கருதலாம். தேவமாதா அந்தாதி, திருவருள் அந்தாதி முதலிய அவருடைய பக்தி நூல்கள் இக்கருத்தை மறுக்கின்றன. வழிபாட்டுக்குரிய இடத்தில் அவர் தம் சமயத்தை வெளிப்படையாகவே பாடினார். அனைவர்க்கும் உரிய அறத்தைக் கூறுமிடத்து அனைவர்க்கும் உரிய மொழியையே கையாண்டார். பிரதாப முதலியார் சரித்திரத்தின் (1879) தலைமை மாந்தரைத் தம் சமயத்தாராக அவர் படைக்கவில்லை என்பதும் இங்கு எண்ணத்தக்கது.

இறுதித் தீர்ப்பைப் பற்றிய நற்செய்திப் பகுதியும் (மத்தேயு 25) இதற்கு அரண் செய்கிறது. அங்குப் பேறு பெறுவோர், தாம் உணவளித்தது இறைவனுக்கே என்பதை அறியாதவர். எப்பொழுது அளித்தோம் என்று வியந்து வினவுபவர். பசித்தவனைப் பசித்தவன் என்பதற்காகவே அவர்கள் ஊட்டினர். எனவே, செயலின்மேல் சமயப் பெயரைப் பொறித்தல் கிறித்தவ ஒழுகலாற்றுக்கு இன்றியமையாததன்று.

முடிவுரை

மேற்கூறியவற்றால், அறத்தின் உள்ளீடு பொதுவாயினும் அதற்கு ஊற்றாகும் நம்பிக்கை தனித்ததாக இருத்தல் கூடும் என்பது பெறப்படும். நம்பிக்கையின் அன்றாட வடிவம் முதற்கண் நடுவுநிலைமை; அதன்பின்னரே ஈகை. அலுவலகத்தில் ஓரஞ்சாய்ந்து ஆலயத்தில் காணிக்கை இடுபவர் இவ்வரிசையை மாற்றியவராவர். சமயப் பெயர்கள் உரக்க ஒலிக்கும் பொதுவாழ்வில், தம் சமயத்தாரல்லாத எளியவர் ஒருவர் தம்மிடம் அச்சமின்றி முறையிட இயலுமா என்பதே நம்பிக்கையாளர் ஒவ்வொருவரும் நாள்தோறும் தம்மை அளந்துகொள்ளும் கோலாக அமையத்தக்கது.