கூலியும் பிரம்படியும்

ஒருவன் ஒரே காலத்தில் இரண்டு தொழில்களுக்கு ஆட்பட்டிருப்பது தர்மமாகுமா என்று, சென்ற ஆவணி மூலத்தன்று புட்டுத் திருவிழா பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், என்னோடு நடந்து வந்த நண்பர் கேட்டார். பகலெல்லாம் ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதி, விடியலிலும் அந்தியிலும் தம் குடும்பத்துக்கு முறையாக வந்த சிறு கோயிலில் பூஜை செய்பவர் அவர். பூஜையில் நிற்கும்போது கணக்கும், கணக்கில் அமரும்போது பூஜையும் நினைவில் வந்து தம்மை அலைக்கழிப்பதாகவும், ஒன்றை விட்டுவிடுவதே நேர்மை என்று தோன்றுவதாகவும் அவர் சொன்னார். அன்று நான் விடை சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

இந்த மதுரை ஊர் இரண்டு தொழிலை இழிவென்று எண்ணியதே இல்லை. சங்கப் புலவரின் பெயர்களில் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்றும், மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் என்றும் வருவதைப் பாருங்கள். துணி விற்றவரும் தானியம் விற்றவரும் தம் கடையை மறைக்கவில்லை, கேட்டவர்களும் கடையின் பெயரைக் களைந்துவிட்டுக் கவியை மட்டும் ஏற்கவில்லை. மணிமேகலையைப் பாடியவர் என்று மரபு போற்றும் அந்தக் கூலவாணிகர், அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியைக் காப்பியத்தின் நடுவே வைத்துப் பசிப்பிணி தீர்ப்பதையே பேரறமாக்கினார் என்றால், நாள்தோறும் மரக்காலும் நாழியுமாகத் தானியத்தை அளந்து, ஒரு பிடி குறைந்தாலும் கலங்கும் முகங்களைக் கண்டவருக்கன்றி அந்தப் பாத்திரம் அவ்வளவு எளிதில் தோன்றியிருக்குமா?

மதுரையைச் சுற்றிய சமவெளியில் இதைக் கண்ணாலேயே காணலாம். மேலூர்ப் பக்கத்து ஊர்களில் அய்யனாருக்குப் புரவி எடுப்பதென்று முடிவானதும், ஊரார் பிடிமண் எடுத்து வேளாரிடம் கொடுக்கிறார்கள். குயவரும் அவரே, அந்த அய்யனாருக்குப் பூசாரியும் பெரும்பாலும் அவரே. ஒரு வேளார் வீட்டு முற்றத்தில் நான் கண்டது இது: களிமண்ணோடு மணலும் நறுக்கிய வைக்கோலும் சேர்த்துக் காலால் மிதித்துப் பதப்படுத்தி, குதிரையின் நான்கு கால்களை முதலில் உருளைகளாக எழுப்பி, அவை இறுகும்வரை காத்திருந்து, பிறகே அவற்றின்மேல் வயிற்றை வைத்து வளைத்துக்கொண்டிருந்தார் அவர். ஈரக் கால்மேல் வயிற்றை வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். “உட்கார்ந்துரும் சாமி” என்றார். சூளையில் வெந்து எழுந்த அந்தப் புரவிக்குக் கண் திறந்து, ஊர்வலமாய்க் கோயில் சேர்ந்தபின், மண் பிசைந்த அதே கையால்தான் தீபாராதனை காட்டுவார். அந்த மனிதரிடம் குயவர் எங்கே முடிந்து பூசாரி எங்கே தொடங்குகிறார் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவருக்கு அந்தக் கேள்வியே எழவில்லை.

ஆயினும், இது இவ்வளவு சுலபமென்றால் சங்கரர் ஏன் அவ்வளவு வன்மையாக மறுத்தார்? ஞானத்தையும் கர்மத்தையும் ஒருங்கே கைக்கொள்ளலாம் என்ற சமுச்சய வாதத்தை அவர் கீதா பாஷ்யத்தில் இரண்டாம் அத்தியாயத்திலேயே எடுத்துக் கண்டிக்கிறார். கர்மத்துக்கு ‘நான் செய்கிறேன்’ என்ற கர்த்தா வேண்டும்; ஞானமோ அந்தக் கர்த்தாவையே இல்லையென்று காட்டுவது; ஆகவே ஒருவனிடத்தில் ஒரே காலத்தில் இவ்விரண்டும் நிலைகொள்ளா என்பது அவர் வாதம். சித்தசுத்திக்குக் கர்மம் முன்னர் உதவும் என்பதை அவர் மறுக்கவில்லை. நண்பர் கவனிக்க வேண்டியது, ஆசாரியர் கண்ட முரண் பொழுதைப் பற்றியதன்று, கர்த்தாவைப் பற்றியது என்பதே. கணக்கெழுதுகிறவரும் நீர், பூஜை செய்கிறவரும் நீர். இரண்டிலும் கர்த்தா இருக்கிறான். எனவே அந்த முரண் உமக்கு இன்னும் வரவில்லை. உமக்குள்ள சங்கடம் வேறு. அதற்கு நம் வைகைக் கரையிலேயே விடை இருக்கிறது.

திருவாதவூரர் பாண்டியனின் அமைச்சர். குதிரை வாங்கவென்று கருவூலம் திறந்து கொடுத்த பொன்னோடு போனவர், திருப்பெருந்துறையில் குருந்த மரத்தடியில் குருவைக் கண்டு ஆட்கொள்ளப்பட்டு, அந்தப் பொன்னைச் சிவப்பணியில் செலவிட்டார். வாதவூரடிகளிடத்து என் பக்தி எள்ளளவும் குறையாமலே சொல்கிறேன்: அந்தப் பொன் குடிகள் கொடுத்த பொன், குதிரை எங்கே என்று மன்னன் கேட்டதில் நியாயம் இருந்தது. பெற்ற ஞானம் மெய்யானதாலேயே, ஒப்புக்கொண்ட வேலை தீர்ந்ததாகிவிடவில்லை. நரிகள் பரிகளாகி வந்தன. இரவில் மீண்டும் நரிகளாயின. அமைச்சர் சுடுமணலில் நின்றார். வைகை கரையுடைத்து வந்தது.

பரஞ்சோதி முனிவர் பாடிய 64 திருவிளையாடல்களில் 61-ஆவது, மண் சுமந்த கதை. உடைப்பை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும். பிட்டு அவித்துப் பிழைக்கும் வந்திக் கிழவிக்கு ஆள் இல்லை. உதிர்ந்த பிட்டே கூலியென்று பேசிக்கொண்டு ஒரு கூலியாள் வந்தான். அன்று அவித்த பிட்டெல்லாம் உதிர்ந்தது. தின்றான், பாடினான், ஆடினான், கூடையைத் தலைக்கு வைத்து உறங்கினான். வந்தியின் பங்கு மட்டும் அடைபடாமல் கிடந்தது. பாண்டியன் பிரம்பை ஓங்கினான்; அடி எல்லா உயிர்மேலும் விழுந்தது. இறைவன் எங்கும் நிறைந்தவன் என்பதற்கு அது சாட்சி என்று பெரியோர் சொல்வதை நானும் வணங்கி ஏற்கிறேன். ஆனால் எனக்கு அதில் வேறொன்றும் தெரிகிறது. கூலியை உண்டவன் ஆண்டவனேயானாலும், ஒரு கூடை மண் விழும்வரை பள்ளம் பள்ளமாகவே இருந்தது. அடியவர் நிறைவேற்றாது விட்ட கடமைக்குரிய அடியைத் தன் முதுகில் ஏற்று, கடைசியில் அந்த ஒரு கூடை மண்ணையும் கொட்டிவிட்டுத்தான் அவன் மறைந்தான்.

எனவே நண்பரே, இரண்டு தொழில் செய்வதில் பாவம் இல்லை. ஒன்றின் கூலியை உண்டு மற்றொன்றின் வேலையைச் செய்வதில்தான் இருக்கிறது. இதே பாண்டிய அரியணைக்கு நின்றசீர் நெடுமாறன் காலத்தில் அமைச்சராயிருந்த குலச்சிறையார், அமைச்சை விடாமலே 63 நாயன்மாருள் ஒருவரானார். அலுவலகத்தில் கோயில் நினைவு வருவதற்காக வருந்தாதீர். அலுவலகத்தார் சம்பளம் கொடுக்கும் நேரத்தைக் கோயிலுக்கு எடுத்தீரா என்று மட்டும் பாரும். எடுக்கவில்லையென்றால் இரண்டையும் வைத்துக்கொள்ளும்.

விடத்தான் வேண்டுமென்று ஒரு நாள் வந்தால், அப்போதும் முறை ஒன்று உண்டு. 1896-ஆம் ஆண்டு ஜூலையில், மதுரைச் சொக்கப்ப நாயக்கன் தெரு வீட்டில், வேங்கடராமன் என்ற 16 வயது மாணவருக்கு மரண அனுபவம் வாய்த்தது. அதன்பின் ஆறு வாரம் அவர் பள்ளிக்கூடத்தையும் ஆன்ம நிஷ்டையையும் சேர்த்தே வைத்திருந்தார். தண்டனையாகக் கொடுத்த ஆங்கில இலக்கணப் பாடத்தை இரண்டு முறை எழுதி, மூன்றாவது முறை எழுத முடியாமல் கண்மூடி அமர்ந்துவிட்ட அன்று அவருக்கு அது முடிந்தது. பின்னாளில் ரமண மகரிஷியாக அருணையில் வீற்றிருந்தபோது, வேலையை விட்டுவிட்டு வரட்டுமா என்று கேட்ட இல்லறத்தாரை அவர் வேலையிலேயே இருந்து விசாரம் செய்யச் சொன்னார். அவரே புறப்பட்ட ஆகஸ்டு 29 அன்று, அண்ணனின் கல்லூரிச் சம்பளத்துக்கென்று சித்தி எடுத்துக் கொடுத்த 5 ரூபாய் கையில் இருந்தது. வழிச்செலவுக்கு வேண்டுமென்று எண்ணிய 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, சம்பளம் இன்னும் கட்டவில்லை என்று கடிதத்தில் எழுதி, மீதி 2 ரூபாயை அதனோடு வைத்துவிட்டு ரயிலடிக்கு நடந்தார்.