விலை வைப்பது அறமாகுமா?

இல்லாதவருக்கென்று ஒருவர் கண்டுபிடித்த பொருளை விலைக்கு விற்பது அறத்துக்கு அடுக்குமா? அடுக்கும் என்றே நினைக்கிறேன். கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம், மலிவான சானிட்டரி நாப்கின் செய்யும் சிறிய இயந்திரத்தை உருவாக்கி, மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு விற்றார். அந்தப் பெண்கள் அதைக் கொண்டு தாங்களே தொழில் நடத்தினார்கள். இலவசமாகக் கொடுத்திருக்கலாமே என்பார்கள். கொடுப்பவர் கை ஓய்ந்த அன்றே இலவசம் நின்றுவிடும். மூலப்பொருள் வாங்கவும் பழுது பார்க்கவும் பணம் வேண்டும். அதோடு, காசு கொடுத்து வாங்குகிறவள் யாருக்கும் நன்றிக்கடன் பட்டவள் அல்ல. தரம் குறைந்தால் தட்டிக் கேட்பாள். இந்த உரிமையை எந்தத் தானமும் அவளுக்குத் தராது.

இலாபம் பேராசையாகிவிடாதா என்பது கனமான கேள்வி. எல்லை வகுக்காவிட்டால் ஆகும்தான். திருக்குறளில் அறத்துப்பாலுக்குப் பிறகே பொருட்பால் வருகிறது. ஆனால் பொருள் விலக்கப்படவில்லை. பெருநிறுவனங்களிடம் இயந்திரத்தை ஒப்படைக்க முருகானந்தம் மறுத்தது அப்படி அவரே வகுத்துக்கொண்ட எல்லை.