வேலை முடிந்தது, கிளவுஸைக் கட்டு!

நேரம் இல்லை என்று இனி ஒருமுறை சொல்லாதே. காலை ஒன்பதுக்கு விரல் வைத்து உள்ளே போகிறாய். மாலை ஆறரைக்கு வெளியே வருகிறாய். போக வர பஸ்ஸிலும் ரயிலிலும் இரண்டு மணி நேரம் கரைகிறது. எல்லாம் உண்மைதான். ஆனால் மனசுக்குள் ஒரு ரிங் கட்டி வைத்திருக்கிறாயே, அதில் ஒருநாளாவது ஏறி நிற்க வேண்டும் என்று ராத்திரியில் புரண்டு புரண்டு படுக்கிறாயே, அந்த ஆசைக்கு என்ன பதில் வைத்திருக்கிறாய்? வேலையை விட்டால்தான் முடியும் என்றா? விடாதே! மாதச் சம்பளத்தையும் வாங்கு, குத்துச்சண்டையும் பழகு. இரண்டையும் சேர்த்துத் தாங்கியவர்கள்தான் இந்த விளையாட்டை வளர்த்தார்கள்.

குத்துச்சண்டை வீரர் ஜோ ஃப்ரேசியரை எடுத்துக்கொள். 1944-ல் அமெரிக்காவின் தென் கரோலினாவில், நிலத்தை நம்பிய ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். பிழைப்புத் தேடி பிலடெல்பியாவுக்கு வந்து ஆடு மாடு அறுக்கும் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். சின்ன வயதிலேயே கல்யாணம், குழந்தைகள். சம்பளம் நின்றால் அடுப்பு எரியாது. உடம்பு பெருத்துவிட்டதே, குறைக்கலாம் என்றுதான் அந்த ஊர்ப் போலீஸார் இளைஞர்களுக்காக நடத்திய பயிற்சிக் கூடத்தின் படியேறினார். பகலில் இறைச்சிக் கூடம், மற்ற நேரத்தில் பயிற்சிக் கூடம். வேலை செய்யும் இடத்திலும் கை சும்மா இருக்கவில்லை; குளிர் அறையில் தொங்கிய மாட்டிறைச்சியையே குத்திப் பழகினார். 1976-ல் வந்த ‘ராக்கி’ படத்தில் கதாநாயகன் இறைச்சியைக் குத்தும்போது நாம் கைதட்டினோம். ஃப்ரேசியர் சம்பளத்துக்காக நின்ற இடத்தில் அதைச் செய்தவர்.

1964 டோக்கியோ ஒலிம்பிக்கிற்கான தேர்வில் அவர் பஸ்டர் மேத்திஸிடம் தோற்றார். கதை அங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் மேத்திஸுக்குக் கையில் அடிபட்டது, அவர் இடத்துக்கு ஃப்ரேசியரைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டபோது அவர் உடம்பு தயாராக இருந்தது பார், அதைத்தான் நான் உனக்குச் சொல்ல வந்தேன். தோற்ற மறுநாளும் பயிற்சியை நிறுத்தாதவனுக்குத்தான் அப்படி ஒரு அழைப்பு பயன்படும். அரையிறுதியில் இடது கட்டைவிரல் முறிந்தது. வெளியே சொல்லாமல் இறுதிப் போட்டியில் இறங்கி, ஜெர்மனியின் ஹான்ஸ் ஹூபரை 3-2 என்ற நடுவர் தீர்ப்பில் வென்றார். அந்த ஒலிம்பிக் குத்துச்சண்டையில் அமெரிக்காவுக்குக் கிடைத்த ஒரே தங்கம் அது. 1971 மார்ச் 8 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், 15-ஆம் ரவுண்டில் முகமது அலியையே தரையில் விழ வைத்ததும் அதே இடது கைதான். அன்று புள்ளிக் கணக்கில் வென்றவரும் ஃப்ரேசியர்தான்.

அது அமெரிக்கா என்பாய். சரி, வடசென்னைக்கு வா. வெள்ளைக்காரன் கொண்டுவந்த இந்த ஆட்டத்தை ராயபுரத்திலும் காசிமேட்டிலும் வியாசர்பாடியிலும் தன்னுடையதாக்கிக்கொண்டவர்கள் யார்? துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், கடலுக்குப் போய் வந்தவர்கள், ஆலையில் ஷிஃப்ட் பார்த்தவர்கள். சார்பட்டா என்றும் இடியப்ப நாயக்கர் என்றும் குத்துச்சண்டைப் பரம்பரைகளாக அணி பிரிந்து நின்று மோதினார்கள். 2021-ல் வந்த ‘சார்பட்டா பரம்பரை’ படம் 1970-களின் அந்த மோதல்களைத்தான் திரைக்குக் கொண்டுவந்தது. முதுகு வலிக்க வலிக்க வேலை பார்த்துவிட்டு, குத்துச்சண்டை சொல்லித்தரும் வாத்தியார் முன்னால் போய் நின்ற அந்த மனிதர்களுக்கு உன்னைவிட அதிக நேரம் இருந்தது என்று நினைக்கிறாயா?

இப்போது கணக்குக்கு வருவோம். அமெச்சூர் போட்டி என்பது மூன்று ரவுண்டு. ரவுண்டுக்கு மூன்று நிமிடம், நடுவில் ஒரு நிமிட ஓய்வு. மொத்தம் ஒன்பது நிமிடச் சண்டை! அந்த ஒன்பது நிமிடத்துக்கு உன்னைத் தயார்செய்ய நாள் முழுக்க ஜிம்மில் கிடக்க வேண்டியதில்லை. வாரத்தில் மூன்று மாலைகளைக் கொடு. அந்த மூன்றையும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதே. நண்பனின் பிறந்தநாள் விருந்து, கிரிக்கெட் மேட்ச், சும்மா ஒரு டீ, எதுவும் அந்த மூன்று மாலைகளுக்குள் வரக்கூடாது. இரண்டு விடியற்காலை ஓட்டத்துக்கு. மற்ற நாட்களில் மொட்டை மாடியில் மூன்று ரவுண்டு ஷேடோ பாக்ஸிங், அதாவது எதிராளி இல்லாமல் காற்றில் குத்திப் பழகுவது போதும், போனில் மணி வைத்துக்கொண்டு.

கூடத்துக்குப் போன ஒரு மணி நேரத்தை எப்படிச் செலவழிக்கிறாய் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வந்ததும் ஸ்கிப்பிங் மூன்று ரவுண்டு, கால் சூடேறட்டும். கண்ணாடி முன்னால் ஷேடோ. ஜாப், அதாவது முன்கையின் நேர்க்குத்து, போன வேகத்திலேயே கை திரும்பி முகத்துக்கு வருகிறதா? வலது கை தாடையை விட்டுக் கீழே இறங்குகிறதா? நீயே பார், நீயே திருத்து. பிறகு பேக், அதன்பின் வாத்தியார் பிடிக்கும் பேட். எல்லாமே மூன்று நிமிடம் வேலை, ஒரு நிமிடம் ஓய்வு. அந்தத் தாளம் மூச்சில் ஏற வேண்டும். இடையில் போனைத் தொடாதே, நின்று கதை பேசாதே. நாள் முழுக்க நேரம் இருப்பவன் இரண்டு மணி நேரத்தை வீணாக்கலாம். உனக்கு அந்த வசதி இல்லை, அதனாலேயே நீ அவனைவிடக் கூர்மையாவாய்! ஆரம்பத்தில் ஜாபும் நடையும் மட்டும் பழகு. ஹூக்கும் அப்பர்கட்டும் எங்கேயும் ஓடிப்போகாது.

உனக்குள் நெருப்பு மூட்ட வந்த நான், ஓரிடத்தில் உன் கையைப் பிடித்து நிறுத்தவும் வேண்டும். தூங்காத கண்ணோடு ஸ்பாரிங்குக்கு, அதாவது இன்னொருவரோடு மோதிப் பழகும் பயிற்சிக்கு, ஏறாதே. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தவனின் கண், வருகிற அடியை நேரத்தில் பார்க்காது. பார்த்தாலும் கழுத்து விலகாது. அன்றைக்கு ஷேடோவும் உடம்பை நீட்டி வளைக்கும் பயிற்சியும் போதும், போய்த் தூங்கு. நைட் ஷிஃப்ட்காரன் பயிற்சியை வேலைக்குப் போகும் முன்னால், தூங்கி எழுந்தபின் வைத்துக்கொள்ள வேண்டும். தலையில் பலமாக அடிபட்டால் வாத்தியாரிடம் சொல், டாக்டரைப் பார். ஃப்ரேசியர் விரலை மறைத்தார் என்பதற்காக நீ தலைவலியை மறைக்காதே. தலையில் வாங்கிய அடியால் நாக்-அவுட் ஆன அமெச்சூர் வீரரை மாதக் கணக்கில் ரிங்குக்கு வெளியே உட்கார வைக்கிறார்கள். அது ஸ்பாரிங்குக்கும் சேர்த்துத்தான். உன் வீட்டில் உன் சம்பளத்தையும் உன்னையும் நம்பி ஆள் இருக்கிறார்கள், ஞாபகம் இருக்கட்டும். எடையைப் பொறுத்தவரை ஒன்றுதான்: கடைசி வாரத்தில் பட்டினி கிடந்து குறைக்கும் எடைப் பிரிவைத் தேடாதே, தினமும் இருக்கும் எடையில் சண்டை போடு.

வயதாகிவிட்டது என்று முனகுகிறாயா? அமெச்சூர் குத்துச்சண்டையின் எலைட் பிரிவில் 40 வயது வரை இடம் இருக்கிறது. தங்கச்சி, உனக்கும்தான் சொல்கிறேன். கல்யாணமும் குழந்தையும் வந்தால் முடிந்தது என்று உன்னிடம் சொல்பவர்களுக்கு மேரி கோம் பெயரைச் சொல். 2007-ல் இரட்டைக் குழந்தைகளைப் பெற்று, 2008-ல் மீண்டும் உலகச் சாம்பியன். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம். 2018-ல் 35 வயதைத் தாண்டியபின் டெல்லியில் ஆறாவது உலகப் பட்டம். மணிப்பூர்க் காவல்துறையின் சீருடையையும் அணிந்தவர் அவர்.

“சம்பளம் வருது, சும்மா இருக்க வேண்டியதுதானே, எதுக்கு மூஞ்சியை உடைச்சுக்கிற வேலை?” என்று கேட்பார்கள். கேட்கட்டும். நாள் முழுக்க மேலதிகாரி சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு வருபவனுக்கு, தன் காலில் தான் நின்று, தன் கையால் தன்னைக் காத்துக்கொள்ளும் அந்த மூன்று நிமிடம் என்னவென்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? உனக்குத் தெரியும். அது போதும். ரிங்கில் ஒரு நல்ல ஜாபை விலகித் தப்பியவன், மறுநாள் ஆபீஸில் ஒரு கடுஞ்சொல்லுக்கு நடுங்கமாட்டான்.

ஆகவே இன்று ராத்திரியே பையை எடுத்து வை. கைக்கட்டுத் துணி, ஸ்கிப்பிங் கயிறு, பல்லுக்கு கார்டு, மாற்று பனியன், இரண்டு வாழைப்பழம். நாளை வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று நினைக்காதே, சோபாவில் உட்கார்ந்தால் எழமாட்டாய். ஆபீஸிலிருந்து நேராகப் போ. போனதும் முதல் வேலையாக வாத்தியாரிடம் உன் ஷிஃப்ட் நேரத்தை உள்ளபடி சொல்லிவிடு: “வாத்தியாரே, எனக்கு வாரத்துல மூணு நாள்தான். அந்த மூணு நாளும் கண்டிப்பா வந்துடுவேன்.”