எண்ணி வைக்கும் துண்டுகள்

பந்தியில் சோற்று வாளி என்னிடம் வரும்போது இலைமேல் கையை விரித்து மறைக்கிறேன். பரிமாறுகிற பையன் நின்றுவிடுகிறான். பக்கத்து இலைக்காரர் திரும்பிப் பார்க்கிறார். "விரதமாம்மா?" இல்லை. "சுகரா?" இல்லை. "அப்புறம் என்ன?"

சோறு, இட்லி, உருளைக்கிழங்கு, இனிப்பு எல்லாவற்றையும் குறைத்துக்கொண்டு காய், முட்டை, மீன், தயிர் என்று சாப்பிடத் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஏன் என்பது எனக்கும் என் உடம்புக்கும் இடையிலான விஷயம். இங்கேயும் அதைச் சொல்லப்போவதில்லை. காரணம் சொன்னால்தான் ஒரு பெண் வேண்டாம் என்று சொல்லலாம் என்கிற விதியைப் பற்றித்தான் என் யோசனை எல்லாம்.

அதே பந்தியில் எதிர்வரிசை ஆண் ஒருவர், "சோறு வேண்டாம்ப்பா, பொரியல் இன்னும் கொஞ்சம் வை" என்றார். வைத்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. சலித்துப்போன ஒருநாள் நானும் சுகர் என்று பொய் சொன்னேன். உடனே பரிவு, கூடவே இரண்டு கரண்டி பொரியல். நோயாளி ஆனதும் நல்லவள் ஆகிவிட்டேன். அந்தப் பொரியல் தொண்டையில் இறங்கவில்லை.

பெண் உணவை மறுப்பது நமக்குப் புதிதா என்ன? வெள்ளிக்கிழமை, சஷ்டி, கணவனுக்காக ஒரு நோன்பு, பிள்ளைக்காக ஒரு நோன்பு. பட்டினி கிடப்பவளைப் பார்த்து 'அப்புறம் என்ன' என்று யாரும் கேட்பதில்லை. புறநானூற்றின் 246ஆம் பாடலில் பெருங்கோப்பெண்டு கைம்பெண்ணின் உணவைச் சொல்கிறாள். நெய் தொடாமல் கையால் பிழிந்தெடுத்த சோறு, எள் துவையல், புளியிட்டு வேகவைத்த வேளைக்கீரை. இதை வகுப்பில் நடத்திய எத்தனையோ வருடங்களில் நான் கவனிக்காத ஒன்று இப்போது கண்ணில் படுகிறது. அவளிடமிருந்து பறித்தது நெய்யை. சோற்றை விட்டுவைத்தார்கள்.

உணவகத்தில் 'சாப்பாடா, டிபனா' என்று கேட்கிறார்கள். சாப்பாடு என்றால் சோறு, வேறு அர்த்தமே கிடையாது. நான் கிரில் சிக்கனும் ஆம்லெட்டும் சொன்னேன், கணவர் சாப்பாடு சொன்னார். கொண்டுவந்தவர் எதையும் கேட்காமல் சிக்கனை அவர் முன்னாலும் சாப்பாட்டை என் முன்னாலும் வைத்தார். சிரித்துக்கொண்டே மாற்றிக்கொண்டோம். சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது.

எங்கள் வீட்டில் சோற்றுக்கு அளவு கிடையாது. மீன் துண்டுக்கு உண்டு. அப்பாவுக்கு இரண்டு, அண்ணனுக்கு இரண்டு, எங்களுக்கு ஒவ்வொன்று. அம்மாவுக்குக் குழம்பும் தலையும். (தலைதான் ருசி என்று அம்மா சொல்வாள். நானும் நாற்பது வயதுவரை நம்பினேன்.) சோறு வேண்டாம் என்கிற பெண் சும்மா எழுந்து போய்விட்டால் பிரச்சினையே இல்லை. அவள் எண்ணி வைத்ததில் கூடுதலாகக் கேட்கிறாள். 'டயட்டா' என்ற கேலிக்குள் இருக்கும் எரிச்சல் அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன்.

இவ்வளவும் யோசித்து வைத்திருந்தவள்தான் போன தை மாதம் புதுக்கோட்டைப் பக்கம் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். சங்கரா மீன் குழம்பு. "சோறு வேணாம் பெரிம்மா" என்றதும் அகப்பை அப்படியே நின்றது. அவர் சிறுமியாக இருந்தபோது தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் நெல்லுச்சோறு, மற்ற நாளெல்லாம் கூழும் களியும். அவரிடம் என் உடம்பு என் உரிமை என்று பேச வாய் வரவில்லை.

"சோறு வேணாங்கற அளவுக்கு வந்துட்டியாடி?" என்றார். கோபமாகச் சொன்னாரா, பெருமையாகச் சொன்னாரா, எனக்குத் தெரியவில்லை. பேருக்கு ஒரு கை சோற்றைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். பிறகு மூன்று துண்டு மீன் வைத்தார். அந்த ஒரு கை சோற்றையும் சாப்பிட்டேன். மீனையும் நிதானமாக, முள் எடுத்து, ருசித்துச் சாப்பிட்டேன்.

தட்டைக் கழுவப் போனபோது அடுப்படியில் பெரியம்மா சாப்பிட உட்கார்ந்திருந்தார். தட்டு நிறையச் சோறு. குழம்புச் சட்டியைச் சாய்த்து வழித்துக்கொண்டிருந்தார். சட்டியில் ஒரு துண்டும் இல்லை.

"உங்களுக்கு மீன் எங்க பெரிம்மா?"

"எனக்கெதுக்கு. எனக்குக் குழம்புதான் புடிக்கும்."