துரோகம் யாருக்கு?

காட்டுமன்னார்கோயில் உடையார்குடியில் அனந்தீஸ்வரர் கோயில் இருக்கிறது. அங்குள்ள ஒரு கல்வெட்டு ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களைப் பற்றியது. ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்களுக்கும் படம் பார்த்தவர்களுக்கும் ரவிதாசன் என்ற பெயர் தெரியும். அது கல்கி கற்பனை செய்த பெயரல்ல, அந்தக் கல்லில் இருக்கும் பெயர். ராஜராஜன் ஆட்சியின் தொடக்கத்தில் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு ஓர் ஆணை வருகிறது. துரோகிகளின் உடைமைகளையும், அவர்களுடைய உறவினர்கள், கல்யாணத்தால் உறவானவர்கள் வரை எல்லோருடைய உடைமைகளையும் பறிமுதல் செய்யச் சொல்கிறது.

துரோகி என்ற சொல் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே இந்த ஊரில் கல்லில் ஏறிவிட்டது. 2017 பிப்ரவரியில் அதே சொல் தமிழ்நாட்டின் எல்லா டிவியிலும் ஓடியது. சசிகலா அணிக்கு ஓ. பன்னீர்செல்வம் துரோகி. பன்னீர்செல்வம் அணிக்கு எதிர்ப்பக்கம் முழுக்க துரோகிகள். இரண்டு பக்கமும் ஒரே அளவுகோலைத்தான் வைத்திருந்தது: ‘அம்மா’வுக்கு யார் உண்மையாக இருந்தார்கள்? ஓட்டுப் போட்டவனுக்கு யார் உண்மையாக இருந்தார்கள் என்று ரெண்டு பேரும் கேட்கவில்லை.

இந்தக் கேள்விக்குக் காட்டுமன்னார்கோயிலை விடப் பொருத்தமான தொகுதி கிடைக்காது. 2016 சட்டமன்றத் தேர்தலில் அங்கே அதிமுகவின் முருகுமாறன் தொல். திருமாவளவனை வென்றார். வித்தியாசம் 87 ஓட்டு. ஒரு கல்யாண மண்டபத்தில் முதல் பந்தியில் உட்காருகிறவர்கள் அளவு. அத்தனை நெருக்கமாக இரண்டாகப் பிளந்து நின்ற ஒரு தொகுதி ஒருவரைக் கோட்டைக்கு அனுப்பியது.

ஒன்பது மாதம் கழித்து என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். டிசம்பரில் ஜெயலலிதா மறைந்தார். பிப்ரவரியில் ஆளுங்கட்சி எம்எல்ஏக்கள் கூவத்தூர் ரிசார்ட்டில் தங்கவைக்கப்பட்டார்கள். அதற்கு ஒரு மாதம் முன்புதான் தமிழ்நாடு முழுவதும் வறட்சி பாதித்த மாநிலமாக அறிவிக்கப்பட்டிருந்தது. காவிரியின் கடைமடை காய்ந்து கிடந்தது. அந்த நேரத்தில் கடைமடைக்காரர்களின் பிரதிநிதிகளும் கடற்கரையில் இருந்தார்கள்.

பிப்ரவரி 18 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பு. பன்னீர்செல்வம் அணி அன்று ஒரு கோரிக்கை வைத்தது: உறுப்பினர்கள் தொகுதிக்குப் போய் மக்கள் கருத்தைக் கேட்டு வரட்டும், அப்புறம் ஓட்டெடுப்பு நடக்கட்டும். அதில் தந்திரமும் இருந்தது, சந்தேகமே இல்லை. அந்த வாரம் ஊர்க்கோபம் தங்கள் பக்கம் அடிப்பதாக அவர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. அமளி நடந்தது, திமுகவினர் வெளியேற்றப்பட்டார்கள். எடப்பாடி பழனிசாமி 122க்கு 11 என்று வென்றார். காட்டுமன்னார்கோயில் உறுப்பினரின் ஓட்டு அந்த 122இல் இருந்தது.

தந்திரமாக வந்த கேள்வியும் சரியான கேள்வியாக இருக்க முடியும். இப்படி ஒரு நாளில் எம்எல்ஏ தொகுதியைக் கேட்க வேண்டுமா?

எட்மண்ட் பர்க் 1774இல் பிரிஸ்டல் வாக்காளர்களிடம் ‘வேண்டாம்’ என்றார். பிரதிநிதி உங்களுக்குத் தர வேண்டியது அவனுடைய உழைப்பை மட்டுமல்ல, அவனுடைய சொந்தத் தீர்ப்பையும்தான் என்பது அவர் வாதம். நல்ல வாதம். ஆறு வருஷத்தில் பிரிஸ்டல் அவர் கையை விட்டுப் போனது. ஆனால் பர்க்கின் வாதத்தைக் கூவத்தூருக்கு எடுத்துப்போக முடியாது. வளாகத்தை விட்டு வெளியே வர முடிந்ததா இல்லையா என்பதே உயர் நீதிமன்றம் வரை போன இடத்தில், சொந்தத் தீர்ப்பு எங்கே இருந்திருக்கும்?

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. “நீ ஆளைப் பாத்தா ஓட்டுப் போட்ட? ரெட்டை இலையைப் பாத்துத்தானே போட்ட?” உண்மைதான். பெரும்பாலோர் சின்னத்துக்குத்தான் போட்டார்கள். அப்படியென்றால் சின்னத்துக்கு விசுவாசமாக இருப்பதுதான் வாக்காளனுக்கு விசுவாசம். ஆனால் அந்தச் சின்னத்துக்குப் பின்னால் அவர்கள் பார்த்த முகம் இப்போது இல்லை. சசிகலாவுக்கோ பழனிசாமிக்கோ பன்னீர்செல்வத்துக்கோ முதல்வர் என்று நினைத்து யாரும் பொத்தானை அழுத்தவில்லை. விசுவாசம் காட்ட வேண்டிய ஆளே போய்விட்டால் மிஞ்சுவது தீர்மானம் எடுக்கும் பொறுப்பு மட்டும்தான். நம் சட்டம் தண்டிப்பதும் அந்தத் தீர்மானத்தைத்தான்.

1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்கும் நியாயம் இருக்கிறது. 1967இல் ஹரியானாவில் கயா லால் குறுகிய காலத்தில் மூன்று முறை கட்சி மாறினார். மனசாட்சிக்குச் சுதந்திரம் கொடுத்தால் அதை விலைக்கு வாங்க ஆள் வருவான். அதனால் கொறடா சொன்னபடி ஓட்டுப் போடு, இல்லாவிட்டால் பதவி போகும் என்றது சட்டம். நடைமுறையில் என்ன ஆனது? பிப்ரவரியில் சபைக்குள்ளேயே அரசை எதிர்த்து ஓட்டுப் போட்ட 11 பேர் தகுதிநீக்கம் ஆகவில்லை. ஆகஸ்ட்டில் அணிகள் இணைந்தன, பன்னீர்செல்வம் துணை முதல்வரானார். முதல்வர் மீது நம்பிக்கையில்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்த தினகரன் ஆதரவாளர்கள் 18 பேரைச் செப்டம்பரில் சபாநாயகர் தகுதிநீக்கம் செய்தார். துரோகம் என்பது செய்த காரியத்தைப் பொறுத்ததல்ல, அந்த நேரத்தில் தலைமை யார் கையில் என்பதைப் பொறுத்தது.

அந்த 18 தொகுதிகளுக்கும் 2019 இடைத்தேர்தல் வரை, ஒன்றரை வருஷத்துக்கும் மேல், சட்டமன்றத்தில் ஆள் இல்லை.

அமெரிக்காவில் இது வேறு மாதிரி நடக்கும். 2023 செப்டம்பர் கடைசி நாளில் அரசு முடங்காமல் தற்காலிக நிதி மசோதாவை நிறைவேற்றினார் சபாநாயகர் கெவின் மெக்கார்த்தி. அதற்காகவே சொந்தக் கட்சிக்காரர்கள் எட்டுப் பேர் எதிர்க்கட்சியோடு சேர்ந்து மூன்றே நாளில் அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். அந்த எட்டுப் பேரின் பதவிக்குச் சட்டத்தால் ஒரு ஆபத்தும் இல்லை. 2025இல் 43 நாள் அரசே முடங்கியது. ஊழியர்களுக்குச் சம்பளம் வரவில்லை, விமானங்கள் குறைந்தன. யார் சண்டைக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

இங்கே அப்படி முடங்காது. நிதி மசோதா தோற்றால் அரசு கவிழும், குடியரசுத் தலைவர் ஆட்சி வரலாம். எம்ஜிஆர் மறைவுக்குப் பின் 1988 ஜனவரியில் சட்டமன்றத்துக்குள் போலீஸ் நுழைந்து, ஜானகி அரசு கலைந்தபோதும் ரேஷன் கடை திறந்திருந்தது, பஸ் ஓடியது. “எவன் வந்தா என்ன, போனா என்ன” என்ற பேச்சுக்கு இதுதான் வேர். இங்கே கதவு சாத்தப்படுவதில்லை, கேள்வி கேட்கிற நாற்காலி மட்டும் காலியாகிறது. அதற்குச் சத்தம் கிடையாது. 2016 அக்டோபரில் முடிந்த உள்ளாட்சிப் பதவிக்காலத்துக்குப் பிறகு காட்டுமன்னார்கோயில் போன்ற பேரூராட்சிகளுக்குத் தேர்தல் வந்தது 2022 பிப்ரவரியில். ஐந்து வருஷத்துக்கு மேல் கவுன்சிலர் இல்லாமல் தனி அலுவலர்கள் நிர்வாகம் நடத்தினார்கள். நம்ம ஊர் முடக்கம் இதுதான்.

வீரநாராயணன் என்பது முதலாம் பராந்தகனின் பட்டப்பெயர். இந்த ஊரின் பழைய பெயரும் வீராணம் ஏரியின் பெயரும் அதிலிருந்து வந்தவை. அதே பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் குடவோலை விதிகள் இருக்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது, அவன் உறவினர்களும் நிற்க முடியாது. நிலமும் வேதக்கல்வியும் உள்ளவர்களுக்கு மட்டுமே திறந்திருந்த சபை அது. இன்று தனித்தொகுதியான காட்டுமன்னார்கோயிலில் ஓட்டுப் போடும் பலரின் முன்னோர்கள் அதன் வாசலில்கூட நின்றிருக்க முடியாது. அதனால் அதைப் பொற்காலமாக்க வேண்டாம். ஆனால் சோழர்கள் இரண்டு குற்றங்களைக் கல்லில் வெட்டினார்கள் என்பதைக் கவனிக்கலாம். ஒன்று மேலே இருப்பவனுக்குச் செய்த துரோகம். இன்னொன்று ஊருக்குக் கணக்குக் காட்டாதது. இரண்டுக்குமே தண்டனை உறவினர் வரை பாய்ந்தது. நம் சட்டம் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டது. தலைமையை மீறினால் பதவி போகும். தொகுதிப் பக்கமே தலைகாட்டாவிட்டால் ஒன்றும் போகாது.

‘தேர்தல்தான் கணக்கு’ என்று சொல்லலாம். 2021இல் காட்டுமன்னார்கோயில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் விசிகவின் சிந்தனைச்செல்வனைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் அது கூவத்தூருக்கான பதிலா, தண்ணிக்கான பதிலா, கூட்டணிக் கணக்கா? ஐந்து வருஷக் கேள்விகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு ஓட்டுதான்.

ஒவ்வொரு ஓட்டெடுப்புக்கும் எம்எல்ஏ தொகுதியைக் கேட்க முடியாது. அதுவும் 87இல் பிளந்த தொகுதியில், கேட்டாலும் ஒரு பதில் வராது. ஆனால் ஓட்டுப் போட்ட பிறகு சொல்ல முடியும். அடுத்த கிராம சபையில் வந்து உட்கார்ந்து, “நான் இந்தப் பக்கம் நின்னேன், இதனாலதான் நின்னேன்” என்று சொல்ல எந்தக் கொறடாவும் தடையில்லை. சொல்லும் காரணம் பொய்யாக இருக்கலாம். இருந்தாலும் பொய்யையாவது ஊர் முன்னால் நின்று, தோற்ற பக்கத்துக்கு ஓட்டுப் போட்டவனின் முகத்தையும் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். அதைக்கூட நாம் இதுவரை கேட்டதில்லை. அடுத்த முறை ஒரு ரிசார்ட் வாசலில் கேமராக்கள் கூடும்போது, யார் யாருக்குத் துரோகி என்று எண்ணுவதற்கு முன்னால் நம்ம தொகுதி ஆளிடம் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.